அச்சுக் கட்டளை கொடுத்தால் எக்செல் உறைந்து மூடுகிறது: டிரைவரா, நெட்வொர்க்கா?

கேள்வி, 2024 பிப்ரவரி 12

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ஒரே லேசர் அச்சுப்பொறி, நெட்வொர்க் கேபிள் வழியாகப் பத்துக் கணினிகளுக்கும் பொதுவாக இயங்குகிறது. சென்ற வாரத்திலிருந்து எக்செலில் அச்சுக் கட்டளை கொடுத்தவுடன் திரை வெளுத்து உறைந்துவிடுகிறது. சிறிது நேரத்தில் எக்செலே மூடிக்கொள்கிறது. சில கணினிகளில் அச்சுப்பொறி ஆஃப்லைன் என்று காட்டுகிறது. அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் அன்று முழுவதும் வேலை நடக்கிறது, மறுநாள் காலையில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. யுஎஸ்பி கேபிளில் நேராக இணைத்த ஒரு கணினியில் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லை. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி வேலைகளை முடிக்க வேண்டும். டிரைவர் கெட்டுவிட்டதா, புதிய அச்சுப்பொறி வாங்க வேண்டுமா?

பிப்ரவரி 12, முற்பகல்

புதிய அச்சுப்பொறி வேண்டாம். டிரைவரையும் இனித் தொட வேண்டாம். விடையின் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. டிரைவர் கெட்டிருந்தால் அது நிறுவிய உடனேயோ, குறிப்பிட்ட ஒரு கோப்பை அச்சிடும் ஒவ்வொரு முறையுமோ தவறும். ஒரு பகல் முழுவதும் ஒழுங்காக உழைத்துவிட்டு மறுநாள் காலையில் மட்டும் தவறாது. ஆகவே மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் உங்கள் அலுவலகத்தில் என்ன மாறுகிறது என்று தேட வேண்டும். அச்சுப்பொறியை இரவில் அணைத்துவிடுகிறீர்கள். காலையில் அது இயங்கத் தொடங்கும்போது ரவுட்டரிடம் மறுபடி ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு சாதனத்தைத் தேடி அடைய உதவும் எண்) கேட்கிறது. என் சந்தேகம் அந்த இடத்தில்தான் விழுகிறது.

இரண்டு தகவல்கள் வேண்டும். அச்சுப்பொறியின் மெனுவிலிருந்து அதன் அமைப்புப் பக்கத்தை அச்சிட்டு, அதிலுள்ள ஐபி முகவரியையும் மேக் முகவரியையும் (தொழிற்சாலையிலேயே சாதனத்துக்குக் கொடுக்கப்பட்ட அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உறைந்துபோகும் கணினிகளில் ஒன்றில் பிரிண்டர் பிராப்பர்டீஸைத் திறந்து, போர்ட்ஸ் பகுதியில் டிக் செய்யப்பட்ட வரியில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.

பிப்ரவரி 12, மாலை

முகவரி தவறாக இருந்தால் அச்சு வராமல் போகலாம், எக்செல் ஏன் சாக வேண்டும் என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, பலரும் வழிதவறும் இடமும் இதுதான்.

எக்செலும் வேர்டும் காகித அளவையும் ஓரங்களையும் தாமாக முடிவு செய்வதில்லை. இயல்புநிலை (டிஃபால்ட்) அச்சுப்பொறியிடம் கேட்டே பக்கத்தைப் பிரிக்கின்றன. அந்தக் கேள்வி, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் சேவை வழியாக டிரைவருக்குப் போகிறது. பல டிரைவர்கள் அச்சுப்பொறியில் எந்தத் தட்டில் என்ன காகிதம் இருக்கிறது என்று நெட்வொர்க்கில் விசாரித்துவிட்டுத்தான் பதில் தருகின்றன. எதிர்முனையில் யாரும் இல்லாவிட்டால், விண்டோஸ் ஒரு டிசிபி (எதிர்முனை ஒப்புக்கொண்ட பிறகே தகவல் அனுப்பும் முறை) இணைப்புக்காக இயல்பாகச் சுமார் 21 விநாடி காத்திருக்கும். டிரைவர் அதே முயற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தால் காத்திருப்பு நிமிடக் கணக்கில் நீளும். அதுவரை எக்செலின் சன்னல் எதற்கும் அசையாது. பொறுமை இழந்து இரண்டு முறை சொடுக்கியதும் விண்டோஸ் 'பதிலளிக்கவில்லை' என்ற பெட்டியைக் காட்டுகிறது, நாம் மூடிவிடுகிறோம், பிறகு மென்பொருள் நொறுங்கியது என்று சொல்கிறோம்.

உறைவதும் நொறுங்குவதும் வேறு வேறு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து அப்ளிகேஷன் பதிவில் பாருங்கள்: 1002 என்ற எண் இருந்தால் நிரல் பதில் சொல்லாமல் தொங்கியது என்று பொருள், 1000 என்ற எண் இருந்தால் உண்மையாகவே நொறுங்கியது என்று பொருள். 1000 வந்து, பழுதான பகுதி என்று டிரைவரின் கோப்புப் பெயர் எழுதப்பட்டிருந்தால், டிரைவர் மேல் பழி போடுவது சரி. 1002 மட்டுமே வரிசையாக இருந்தால் காத்திருந்து காத்திருந்து நின்ற நிரல் அது. எதற்காகக் காத்திருந்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடனே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இயல்புநிலை அச்சுப்பொறியாக 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை வைத்துவிட்டு எக்செலைத் திறந்து பாருங்கள். அதற்கு முன், இயல்புநிலை அச்சுப்பொறியை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற அமைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியை அது மறுபடி இயல்புநிலையாக்கிவிடும், சோதனையின் பயன் போய்விடும்.

பிப்ரவரி 13

தகவல்கள் வந்துவிட்டன. அமைப்புப் பக்கத்தில் 192.168.1.34, கணினியின் போர்ட்டில் 192.168.1.27. பதிவில் 1002 மட்டுமே இருக்கிறது. பிடிஎஃப் அச்சுப்பொறியை இயல்புநிலையாக்கியதும் எக்செல் உடனே திறந்திருக்கிறது. டிரைவர் குற்றமற்றது.

நடப்பது இதுதான். ரவுட்டரில் இயங்கும் டிஎச்சிபி சேவை முகவரிகளைத் தவணைக்குத் தருகிறது. தவணையில் பாதி கடந்ததும் சாதனம் புதுப்பிக்க வேண்டும். அணைந்து கிடக்கும் சாதனம் புதுப்பிக்க முடியாது. தவணை முடிந்தபின் அந்த முகவரி வேறொரு கைப்பேசிக்கோ மடிக்கணினிக்கோ போகலாம். கணினிகளோ பழைய முகவரிக்கே அச்சு வேலைகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. டிரைவரை மறுபடி நிறுவும்போது விண்டோஸ் அச்சுப்பொறியைப் புதிதாகத் தேடி அன்றைய முகவரியை எழுதிக்கொள்கிறது. அதனால் அன்று மட்டும் வேலை நடக்கிறது. குணமானது டிரைவர் என்று எல்லோரும் நம்புவதற்கு இதுவே காரணம்.

பிங் (ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் 192.168.1.27 பதில் சொல்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்வது யார் என்பதுதான் கேள்வி. பிங் கொடுத்த கையோடு 'ஏஆர்பி' கட்டளையை '-ஏ' சேர்த்துக் கொடுங்கள். எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியல் வரும். 27க்கு எதிரே வரும் மேக் முகவரியை அமைப்புப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், உங்கள் வரவு செலவுக் கணக்கு யாருடைய கைப்பேசிக்கோ போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 13, இரவு

சரிசெய்யும் முறை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதி இருக்கும். அச்சுப்பொறியின் மேக் முகவரியைக் கொடுத்து ஒரு ஐபி முகவரியை அதற்கே நிலையாக்குங்கள். பிறகு ஒவ்வொரு கணினியிலும் அச்சுப்பொறியை நீக்காமல், போர்ட்ஸ் பகுதியில் ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் ஒன்றைச் சேர்த்து அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். டிரைவரும் காகித அமைப்புகளும் அப்படியே இருக்கும்.

போர்ட் பெயர் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கினால் அதை விட்டுவிடுங்கள். அது அச்சுப்பொறியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி. யுடிபி (ஒப்புதலுக்குக் காத்திராமல் தகவல் அனுப்பும் முறை) 3702 என்ற எண் வழியாக அலுவலகம் முழுவதற்கும் குரல் கொடுத்துத் தேடும். வீட்டில் அது போதும். கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சும் தகவல்களை வடிகட்டும் ஃபயர்வாலும் நடுவில் உள்ள அலுவலகத்தில் அந்தக் குரல் அச்சுப்பொறியை எட்டாத நாள்கள் உண்டு.

வரிசையில் சிக்கிக் கிடக்கும் பழைய வேலைகளையும் துடைக்க வேண்டும். ஸ்பூலர் சேவையை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற இடத்தில் உள்ள எஸ்பிஎல், எஸ்எச்டி கோப்புகளை அழித்துவிட்டுச் சேவையை மீண்டும் தொடங்குங்கள். கோப்புறையையே அழிக்க வேண்டாம்.

பிப்ரவரி 16

இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி நின்றுவிட்டது என்ற செய்தியைப் பார்த்தேன். வருத்தமான செய்திதான்; ஆனாலும் அதற்குள் மிகவும் பயனுள்ள ஒரு தடயம் இருக்கிறது. ரவுட்டரில் அச்சுப்பொறிக்கு ஒதுக்கியது 192.168.1.50, இன்று காலை அமைப்புப் பக்கத்தில் அச்சாகி வந்திருப்பதோ 192.168.1.103. ஒதுக்கீட்டைச் சேமித்திருக்கிறீர்கள், மேக் முகவரியும் சரியாக இருக்கிறது. அப்படியானால் 103 என்ற முகவரியைக் கொடுத்தது அந்த ரவுட்டர் அல்ல.

13ஆம் தேதிக் குறிப்பில் தவணை முடிந்து முகவரி மாறியது என்று எழுதினேன். அந்த விளக்கத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: பெரும்பாலான ரவுட்டர்கள் ஒரே மேக் முகவரிக்கு, இடம் காலியாக இருக்கும்வரை, பழைய ஐபி முகவரியையே திருப்பித் தரும். பத்துக் கணினி உள்ள அலுவலகத்தில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. அப்புறம் ஏன் தினமும் மாற வேண்டும், ஏன் சென்ற வாரத்தில் தொடங்க வேண்டும்? முகவரி கொடுப்பவர் இருவர் இருந்தால் எல்லாம் பொருந்துகிறது. காலையில் அச்சுப்பொறி கேட்கும்போது எவர் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுப்பதை அது வாங்கிக்கொள்கிறது.

சென்ற வாரம் அலுவலகத்தில் புதிதாக ஏதாவது ரவுட்டர், வைஃபை பெட்டி, கண்காணிப்புக் கேமராவின் பதிவுக் கருவி வந்ததா? இணையம் இடையிடையே அறுந்ததா?

பிப்ரவரி 16, மாலை

கூட்ட அறையில் கைப்பேசிகளுக்குச் சிக்னல் போதவில்லை என்று யாரோ வீட்டிலிருந்து பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவரில் உள்ள நெட்வொர்க் புள்ளியில் செருகியிருக்கிறார்கள். அதுவும் வான் துளையில் (இணையம் வரும் பக்கம்) செருகாமல் லான் துளையில் (உள் நெட்வொர்க்கின் பக்கம்). இணையம் சிலருக்கு மட்டும் அறுந்ததும் உண்மை. ஆனால் அதை இணைப்பு நிறுவனத்தின் கோளாறு என்று நினைத்து யாரும் அச்சுப் பிரச்சினையோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

செருகியவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தப் பெட்டியின் உறையில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கைகூட இருக்காது, செருகியதும் வைஃபை வந்துவிடும். யாரும் நல்லது செய்ததாகத்தான் நினைப்பார்கள்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் விரிவாக எழுதுகிறேன். கணினியில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை '/ஆல்' சேர்த்துக் கொடுத்தால் டிஎச்சிபி சர்வர் என்ற வரி வரும். இரண்டாவது ரவுட்டருக்கு வேறு முகவரி இருந்தால் அந்த வரியிலேயே அது பிடிபட்டுவிடும். உங்கள் அலுவலகத்தில் இரண்டு பெட்டிகளும் தொழிற்சாலையிலிருந்தே 192.168.1.1 என்ற முகவரியோடு வந்தவை. எல்லாக் கணினிகளிலும் அந்த வரி ஒன்றாகவே தெரியும், ஐயமே எழாது. வேறுபாடு மேக் முகவரியில்தான் தெரியும்: இணையம் வேலை செய்யும் கணினி ஒன்றிலும் வேலை செய்யாத கணினி ஒன்றிலும் ஏஆர்பி பட்டியலை எடுத்து, 192.168.1.1க்கு எதிரே உள்ள எழுத்துகளை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஒரே பெயரில் இரண்டு வாயில்கள் இருக்கின்றன என்பது உறுதி. இரண்டு ரவுட்டர்களும் தனித்தனிக் குறிப்பேடு வைத்துக்கொண்டு ஒரே வரிசை முகவரிகளை வழங்குவதால், அச்சுப்பொறிக்கு ஒன்று கொடுத்ததையே மற்றொன்று ஒரு மடிக்கணினிக்குக் கொடுத்துவிடவும் கூடும். அச்சு பாதியில் நின்ற நாள்களுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

அந்த ரவுட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, ஒரு கணினியோடு மட்டும் இணைத்து, அதன் லான் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், அதன் டிஎச்சிபி சேவையை நிறுத்துங்கள், பிறகு மறுபடி லான் துளையிலேயே செருகுங்கள். அக்சஸ் பாயின்ட் என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது இன்னும் எளிது. முதல் ரவுட்டர் வழங்கும் வரிசையில் 2 என்ற எண் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுப்பொறி விஷயத்தில் ஒதுக்கீடே போதும் என்று முன்பு சொன்னேன். உங்கள் அலுவலகத்துக்கு இப்போது வேறு ஆலோசனை தோன்றுகிறது: ரவுட்டர் 100 முதல் 199 வரை வழங்கட்டும், அச்சுப்பொறியின் மெனுவிலேயே 192.168.1.50 என்று நிலையாக எழுதிவிடுங்கள். நாளை வேறு யாராவது இன்னொரு ரவுட்டரைச் செருகினாலும் அச்சுப்பொறி முகவரி கேட்டு யாரிடமும் போகாது. எழுதும்போது சப்நெட் மாஸ்க்கில் 255.255.255.0 என்றும் கேட்வேயில் 192.168.1.1 என்றும் கொடுக்க வேண்டும். நிலையான முகவரியை வழங்கும் வரிசைக்குள்ளேயே வைத்தால் மட்டும் பழைய மோதல் வேறு வழியில் திரும்பிவிடும்.

பிப்ரவரி 17

இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் தங்கள் சிக்கல்களையும் அனுப்புகிறார்கள்.

ஓர் உணவகத்தில் பில் மென்பொருள், சமையலறைக்கு ஆர்டர் சீட்டு அனுப்பும் கணத்தில் உறைகிறது. புதிதாக வாங்கிய எப்சன் தெர்மல் அச்சுப்பொறி. அவற்றில் பல 192.168.192.168 என்ற முகவரியோடு வருகின்றன; கடையின் நெட்வொர்க் 192.168.0 வரிசை என்றால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. ஒரு கணினிக்குத் தற்காலிகமாக 192.168.192.10 என்று முகவரி கொடுத்து, உலாவியில் அச்சுப்பொறியின் பக்கத்தைத் திறந்து, கடையின் வரிசைக்கு மாற்றிவிடலாம்.

இன்னொருவருக்கு ஒரு பக்கக் கடிதம் அச்சாகிறது. நூறு பக்க பிடிஎஃப் நடுவில் நின்று, பின் காகிதத்துக்கு ஒரு வரியாகப் புரியாத குறிகள் வருகின்றன. கேபிளின் இரு முனைகளின் அமைப்பையும் பாருங்கள். அச்சுப்பொறியில் வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வது) என்று கட்டாயப்படுத்தி, சுவிட்சை ஆட்டோவில் விட்டிருந்தால், சுவிட்ச் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். சிறிய வேலைகள் தப்பித்துவிடும், பெரியவை திணறும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் வைப்பதே நல்லது. புரியாத குறிகள் வருவதற்குக் காரணம், நெட்வொர்க் அச்சுப்பொறிகள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கும் 9100 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் போர்ட்டில் வருவது எதுவானாலும் அச்சிடத் தொடங்கிவிடுகின்றன என்பதுதான். வேலையின் தலைப்பகுதி அறுந்துபோய் மீதி மட்டும் வந்தால் அதை வெறும் எழுத்தாக எண்ணி அச்சிடும். இதை அறிந்தே, நெட்வொர்க்கை ஆராயும் என்மேப் கருவி சேவைகளின் பதிப்பைக் கண்டறியும்போது 9100 முதல் 9107 வரையுள்ள போர்ட்டுகளை இயல்பாகவே ஒதுக்கி வைக்கிறது.

பிப்ரவரி 18

வேறொரு கணினியில் பகிர்ந்த அச்சுப்பொறியை இணைக்கும்போது 11பி என்று முடியும் பிழை எண் வருகிறது என்ற கேள்வி. இது முகவரிக் கோளாறு அல்ல. அச்சு சேவைக்கான ஆர்பிசி (ஒரு கணினி மற்றொன்றில் உள்ள சேவையை அழைக்கும் முறை) இணைப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியில் அடைத்து, அந்த ஆண்டு செப்டம்பரில் அதைக் கட்டாயமாக்கியது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியமாக்கினால் போதும் என்று இணையம் முழுவதும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கும், ஓட்டையும் திறந்துவிடும். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஸ்பூலர் ஓட்டைக்கு அவசரத் திருத்தம் வெளியிட வேண்டி வந்ததை நினைத்தால், ஸ்பூலரின் காவலைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரு கணினிகளையும் முழுதாகப் புதுப்பியுங்கள்; அச்சுப்பொறியில் நெட்வொர்க் துளை இருந்தால் பகிர்வையே கைவிட்டு நேரடி டிசிபி ஐபி போர்ட்டுக்கு மாறுங்கள்.

பகிர்வு தவிர்க்க முடியாதது என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11 22எச்2 பதிப்பிலிருந்து அச்சுத் தொடர்பு இயல்பாக டிசிபி வழியான ஆர்பிசிக்கு மாறிவிட்டது. நடுவிலுள்ள ஃபயர்வால் 135ஐயும் 49152 முதல் 65535 வரையுள்ள போர்ட்டுகளையும் மறித்தால், விண்டோஸ் 10 கணினிகள் அச்சிட, விண்டோஸ் 11 கணினிகள் மட்டும் தொங்கும்.

பிப்ரவரி 21

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி: படிவ வேலைகள் நேற்றோடு முடிந்துவிட்டன, ஒரு முறைகூட எக்செல் உறையவில்லை. மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்தின் வழியே அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான வழி) மூலம் வேலை செய்பவரின் மடிக்கணினியில் எக்செல் திறக்கவே வெகுநேரம் ஆகிறதாம்.

அவருடைய வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையாக இருக்கும். அலுவலக அச்சுப்பொறியின் 192.168.1.50ஐ அந்தக் கணினி தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக எண்ணித் தேடுகிறது. விபிஎன் பக்கம் அனுப்புவதே இல்லை. வீட்டு ரவுட்டரின் வரிசையை 192.168.77 போன்ற ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் இருக்கும்போது பிடிஎஃப் அச்சுப்பொறியே இயல்புநிலையாக இருக்கட்டும்.

பிப்ரவரி 22

ஒரு கணினியில் மட்டும் அச்சு ஒழுங்காக வருகிறது, ஆனாலும் சில வேளைகளில் ஆஃப்லைன் என்று காட்டி வேலைகளை நிறுத்தி வைக்கிறது என்றீர்கள். போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி நிலை அறிதல் என்ற பெட்டி டிக் ஆகியிருக்கும். விண்டோஸ் யுடிபி 161 வழியாக 'பப்ளிக்' என்ற பெயரைச் சொல்லி அச்சுப்பொறியின் நிலையைக் கேட்கிறது. அச்சுப்பொறியில் அந்தப் பெயரை மாற்றியிருந்தாலோ, கணினியில் உள்ள ஃபயர்வால் பதிலைத் தடுத்தாலோ, அச்சுப்பொறி இல்லை என்று முடிவு செய்துவிடும். மற்ற கணினிகளில் வராததால் தடை அந்தக் கணினியின் ஃபயர்வாலில்தான் இருக்க வேண்டும். அதைத் திறக்க முடிந்தால் திறந்துவிடுங்கள்; முடியாவிட்டால் அந்த டிக்கை எடுத்துவிடலாம். காகிதம் தீர்ந்துவிட்டது, டோனர் குறைகிறது போன்ற அறிவிப்புகள் சில அந்தத் திரையில் வராமல் போகலாம், அச்சு நிற்காது.